பழைய டிரெய்லரின் அலமாரிகளைப் பிரிக்க மல்டி டூல்: காசுக்குத் தகுமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாங்கலாம். காருக்குப் பின்னால் கோத்து இழுத்துப் போகிற டிராவல் டிரெய்லர் ஒன்றைப் பழையதாக வாங்கி, உள்ளே தரையோடும் சுவரோடும் சேர்த்து அடித்திருக்கும் அலமாரி, பெஞ்ச், கட்டில் எல்லாவற்றையும் பெயர்த்தெடுத்துப் புதிதாகச் செய்ய நினைக்கிறவர்களுக்கு, பேட்டரியில் ஓடும் ஆசிலேட்டிங் மல்டி டூல், அதாவது பிளேடு இடமும் வலமும் துடித்து அறுக்கிற கைக்கருவி, கொடுத்த காசுக்கு உழைக்கும். ஆனால் டப்பாவின் மேல் போட்டிருக்கும் படத்தை நம்பி, இது ஒன்று கையில் இருந்தால் சனி ஞாயிறுக்குள் உள்ளே காலியாகிவிடும் என்று கணக்குப் போட வேண்டாம். இந்த வேலையில் பெரும்பகுதி, சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் சதுர மூக்கு பிட் (ஸ்க்ரூவைத் திருப்ப டிரில்லில் மாட்டும் முனை) ஒன்றாலேயே முடிந்துவிடும். அந்த பிட் எட்டாத இடம் என்று கொஞ்சம் மிஞ்சும் பாருங்கள், அங்கே இந்தக் கருவி இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது.

நான் இதை வைத்து வேலை செய்தது கனடாவில், ஒன்டாரியோவில், 24 அடி நீள டிரெய்லரில். 2000களின் தொடக்கத்தில் செய்த வண்டி, மரச் சட்டம், வெளியே நெளிவு நெளிவாக அலுமினியத் தகடு. யாரோ ஏரிக்கரையில் வருஷக்கணக்காக நிறுத்தி வைத்திருந்தது. முன்பக்க ஜன்னலோரம் தண்ணீர் இறங்கி, பெஞ்சுக்கு அடியில் தரை பிளைவுட் ஊறின அப்பளம் போல ஆகியிருந்தது. அதைச் சரி செய்ய வேண்டுமென்றால் மேலே இருப்பது எல்லாம் வெளியே வந்தாக வேண்டும். இன்னொரு காரணம் சமையல். அடுப்புக்கு நேர் மேலே புகைக்கூண்டும் அலமாரியும் அவ்வளவு தாழ்வாக இறங்கி நின்றன, பிரஷர் குக்கரை வைத்தால் வெயிட் தூக்கும்போது கூண்டில் இடிக்கும். நம் வீட்டுச் சமையலை நினைத்து யாரும் அதைச் செய்திருக்க மாட்டார்கள், சரி.

எந்தக் கம்பெனிக் கருவி என்று கேட்பீர்கள். பெயர் சொல்வதால் உங்களுக்குப் பெரிய லாபம் இல்லை. உங்கள் வீட்டில் ஏற்கெனவே டிரில்லுக்கோ இலை ஊதுகிற மெஷினுக்கோ 18 அல்லது 20 வோல்ட் பேட்டரி இருக்குமே, அதே கம்பெனியில் பேட்டரி இல்லாமல் கருவியை மட்டும் வாங்குங்கள், விலை பாதியாகக் குறையும். பார்க்க வேண்டியது மூன்று விஷயம். பிளேடு மாற்ற ஆலன் சாவி தேடாமல் கையாலேயே நெம்புகோலைத் தூக்கி மாற்ற முடிகிறதா. வேகத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா. பேட்டரி பின்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறதா, அடியில் தொங்குகிறதா. இந்த மூன்றாவதைக் கடையில் யாரும் யோசிப்பதில்லை. டிரெய்லரின் மேல் அலமாரிக்குள் தலையையும் ஒரு கையையும் விட்டுக்கொண்டு அறுக்கும்போது பேட்டரி தொங்குகிற கருவி எங்கேயாவது முட்டிக்கொண்டே இருக்கும்.

இப்போது ஏன் சதுர பிட் முதலில், மல்டி டூல் கடைசியில் என்பதற்கு வருகிறேன். இது புரியாமல் கருவி வாங்கிப் பயனில்லை.

வீடு கட்டுகிறவர்கள் சுவர் எழுப்பி, கூரை போட்டு, அப்புறம் ஆசாரியைக் கூப்பிட்டு அலமாரி அடிப்பார்கள். டிரெய்லரில் இது தலைகீழ். அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தின் எல்கார்ட் சுற்றுவட்டாரத்தில்தான் இந்த வண்டிகளில் பெரும்பங்கு தயாராகிறது. மரச்சட்ட வண்டி என்றால் அங்கே வழக்கமான முறை இதுதான்: இரும்பு அடிச்சட்டத்தின் மேல் தரை, தரை முழுக்க வினைல் விரிப்பு, அதன் மேல் அலமாரி, பெஞ்ச், குளியலறைத் தடுப்பு எல்லாவற்றையும் நட்டுவிடுவார்கள். சுவர் அதற்குப் பிறகுதான் வரும். படுக்கவைத்துச் செய்த பக்கச் சுவரைத் தூக்கி நிறுத்தி, வெளியிலிருந்து உள்நோக்கி அலமாரியின் முதுகில் ஸ்க்ரூவோ ஸ்டேபிளோ அடிப்பார்கள். கூரை ஏறும். வெளியே கண்ணாடிப் பஞ்சு அடைத்துத் தகடு மூடுவார்கள். ஆக, உங்கள் அலமாரியைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஸ்க்ரூக்களில் ஒரு பகுதிக்குத் தலை அலுமினியத் தகட்டுக்கும் பஞ்சுக்கும் அந்தப் பக்கம் இருக்கிறது. உள்ளே நின்றுகொண்டு என்ன பிட் போட்டாலும் அது கிடைக்காது. தகட்டைக் கழற்றுகிற எண்ணம் உங்களுக்கு இருந்தால் வேறு விஷயம், வெளியே போய் நிம்மதியாகக் கழற்றலாம். இல்லையென்றால் உள்ளிருந்து அந்த ஸ்க்ரூவின் கழுத்தை அறுக்க வேண்டும்.

மிச்சம் உள்ளிருந்து அடித்தது, அது கழற்றினால் வரும். ஆனால் கண்ணில் படாது. டிராயரை முழுசாக இழுத்து வெளியே வைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால், முன்சட்டத்தின் உள்மூலையில் சாய்வாக ஒரு ஸ்க்ரூ இருக்கும். அலமாரிக்கும் கூரைக்கும் இடையே ஓடும் வினைல் பட்டையை உளியால் தூக்கினால் வரிசையாகத் தலைகள் தெரியும். மரக் கலரில் சின்ன பிளாஸ்டிக் மூடி ஒட்டியிருக்கும், அதை நகத்தால் எடுத்தால் அடியில் ஒன்று. கதவு, டிராயர், மெத்தை, திரை என்று எடுக்க முடிந்ததை எல்லாம் முதலில் எடுத்து, போட்டோ பிடித்து, அப்புறம் ஸ்க்ரூ வேட்டை ஆரம்பியுங்கள். அந்தத் தலைகளில் பெரும்பாலும் சதுரக் குழிதான் இருக்கும், இரண்டாம் நம்பர், சிவப்பு நிற பிட். கனடாக்காரர்களுக்கு இது சொந்த ஊர்ச் சரக்கு. ராபர்ட்சன் என்பவர் 1908இல் ஒன்டாரியோவின் மில்டனில் தொழிற்சாலை போட்டு, 1909இல் காப்புரிமை வாங்கிய ஸ்க்ரூ இது. பிட் குழிக்குள் சிக்கென்று உட்காரும், வழுக்காது. அதனால்தான் 20 வருஷம் ஈரத்தில் கிடந்து தலை துருவேறிய ஸ்க்ரூகூட இம்பாக்ட் டிரைவர் (தட்டித் தட்டி ஸ்க்ரூவைத் திருப்புகிற மெஷின்) வைத்ததும் கிறீச்சென்று ஒரு சத்தத்தோடு கழன்று வருகிறது. ஒரே ஒரு எச்சரிக்கை. குழியில் பசையோ பெயின்ட்டோ அடைத்திருந்தால் ஆணி முனையால் குடைந்து எடுத்துவிட்டு பிட்டை வையுங்கள். அவசரப்பட்டு அழுத்தினால் மூலை தேய்ந்துவிடும், அப்புறம் அதுவும் மல்டி டூல் கணக்கில் சேரும்.

சரி, கருவிக்கு வருவோம்.

மேல் அலமாரி ஒன்றைச் சொல்கிறேன். கதவைக் கழற்றியாயிற்று, கூரையோரம் இருந்த ஸ்க்ரூ எல்லாம் எடுத்தாயிற்று, அடியில் ஒரு முட்டுக்கட்டை கொடுத்து நிறுத்தியும் ஆயிற்று. இன்னும் அசையவில்லை. தட்டையான நெம்புகம்பியை சுவருக்கும் அலமாரியின் முதுகுச் சட்டத்துக்கும் நடுவே விட்டு மெல்ல நெம்பினால் 3 மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்கிறது. அதற்குள் டார்ச் அடித்தால் குறுக்கே ஒரு வெள்ளிக் கோடு தெரியும், அதுதான் வெளியிலிருந்து வந்த ஸ்க்ரூ. அந்த 3 மில்லிமீட்டருக்குள் நுழைகிற மோட்டார் வைத்த கருவி வேறு எதுவும் எனக்குத் தெரியாது. பிளேடைப் படுக்கவைத்து உள்ளே விட்டு, வேகத்தைக் குறைத்து, ஒரு பக்கமாக அழுத்தாமல் லேசாக ஆட்டிக்கொண்டே கொடுக்க வேண்டும். மரத்தில் ஓடும்போது ஒரு கரகரப்பு, ஸ்க்ரூவில் பட்டதும் குரல் மாறி உச்சத்துக்குப் போகும், இரண்டொரு பொறி விழும், சூடான இரும்பு வாசனை வரும், பிறகு திடீரென்று மறுபடி கரகரப்பு. அறுந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்த ஸ்க்ரூ. இப்படி வரிசையாகப் போனால் அலமாரி முழுசாக, ஒரு பலகைகூட உடையாமல் கையில் வந்து இறங்கும். சுவரில் சின்னச் சின்ன முனைகள் மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கும், அதே பிளேடால் சுவரோடு சுவராக மழித்துவிடலாம். இந்த ஒரு வேலைக்காகவே நான் இதற்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.

ஏன் இதற்கு மட்டும் முடிகிறது என்றால், பிளேடு சுற்றுவதும் இல்லை, நீளமாக முன்னும் பின்னும் ஓடுவதும் இல்லை. மொத்தமே 3 டிகிரி சுமாருக்கு இடமும் வலமும் துடிக்கிறது, நிமிடத்துக்குப் பத்தாயிரத்திலிருந்து இருபதாயிரம் முறை. ஜெர்மனியின் ஃபைன் கம்பெனி 1967இல் இந்த வகைக் கருவியைக் கொண்டுவந்தது ஆஸ்பத்திரிக்காக. எலும்பு முறிந்தவர்களுக்குப் போட்ட மாவுக்கட்டைப் பிரிக்க. கெட்டியான கட்டு அறுபடும், அடியில் இருக்கும் தோல் பிளேடோடு சேர்ந்து ஆடிக்கொடுத்துத் தப்பிக்கும். பிறகு அதே யுக்தி தச்சு வேலைக்கு வந்தது, காப்புரிமைக் காலம் முடிந்ததும் மற்ற எல்லாக் கம்பெனியும் செய்ய ஆரம்பித்தார்கள்.

இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, ஓஹோ அப்படியானால் வயரும் தப்பிக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். தொங்குகிற வயர் வேண்டுமானால் ஆடிக்கொடுக்கும். டிரெய்லர் சுவருக்குள் வயரைச் சட்டத்தோடு சேர்த்து ஸ்டேபிள் அடித்திருப்பார்கள், அது ஆடாது, அறுந்துவிடும். அதனால் பிளேடு எவ்வளவு ஆழம் போகலாம் என்று ஒரு டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். சுவர்ப் பலகையைத் தாண்ட வேண்டிய அவசியமே உங்களுக்கு இல்லை. வயர் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. டிரெய்லரில் இரண்டு கரண்ட், பேட்டரியிலிருந்து 12 வோல்ட், வெளியிலிருந்து வருகிற 120 வோல்ட். கனடா, அமெரிக்க வீட்டு வயரிங் பழகியவர்களுக்கு கறுப்பு என்றால் கரண்ட், வெள்ளை என்றால் நியூட்ரல். கார் பழகியவர்களுக்கு கறுப்பு என்றால் எர்த். டிரெய்லரின் 12 வோல்ட் பக்கத்தில் கறுப்புதான் பல வண்டிகளில் பிளஸ், வெள்ளை மைனஸ். 120 வோல்ட் பக்கத்திலும் கறுப்பு வெள்ளைதான். ஒரே அலமாரிக்குப் பின்னால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். ஆகவே வெளி கேபிளைப் பிடுங்கி, பேட்டரி மைனஸைக் கழற்றி, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு வயரிலும் எது எங்கே போகிறது என்று டேப்பில் எழுதி ஒட்டிய பிறகே மல்டி டூலுக்குப் பேட்டரி மாட்டுங்கள்.

இதற்குப் போட்டியாகச் சொல்லப்படுகிற கருவி ரெசிப்ரோகேட்டிங் ரம்பம், நீள பிளேடு முன்னும் பின்னும் குத்துகிற அந்தப் பெரிய மெஷின். வேகம் என்று பார்த்தால் மல்டி டூல் அதன் பக்கத்தில்கூட நிற்க முடியாது. வெளியே எடுத்துப் போட்ட கட்டிலையும் மேசையையும் துண்டு போட அதுதான் சரி. ஆனால் வண்டிக்குள் சுவரை ஒட்டி அதை வைத்தால் பிளேடு முனை எங்கே போய் முட்டுகிறது என்று உங்களுக்குத் தெரியாது, வெளித்தகட்டில் ஓட்டை விழுந்தால்தான் தெரியும். போதாததற்கு அந்தக் குலுக்கலில், நீங்கள் வைத்திருக்க விரும்புகிற சுவர்ப் பலகையின் ஸ்டேபிள்களும் தளர்ந்துவிடும்.

சம்மட்டி பற்றியும் ஒரு வார்த்தை. உதவிக்கு வந்த பக்கத்துத் தெருத் தம்பி, தோளில் சம்மட்டியோடு வந்தார்.

"அண்ணே, எதுக்கு இவ்வளவு பொறுமை? நாலு போடு போட்டா தானா விழுந்துடப் போகுது."

"தம்பி, அந்த அலமாரிக்குப் பின்னாடி சுவர்னு நீங்க நினைக்கிறது மூணு மில்லிமீட்டர் பிளைவுட். அதுக்குப் பின்னாடி பஞ்சு, அதுக்குப் பின்னாடி தகடு. அவ்வளவுதான். நீங்க இங்க போடுற போடு தெருவுல போறவங்களுக்குத் தெரியும்."

சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு சம்மட்டியைக் காரிலேயே வைத்துவிட்டு வந்தார். உண்மையில் சுவர்ச் சட்டமே ஒன்றரை அங்குல ரீப்பர் கட்டைதான். ஆனானப்பட்ட கூரையையும் அதுதான் தாங்குகிறது.

தாங்குகிறது என்றதும் ஞாபகம் வருகிறது, கருவி நன்றாக அறுக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் அறுக்கக் கூடாது. இதுதான் மல்டி டூல் கையில் வந்ததும் வருகிற பெரிய ஆபத்து. அவ்வளவு சுலபமாக வந்துவிடுவதால் கை நிற்காது. டிரெய்லரில் மரச் சாமான் வெறும் சாமான் இல்லை, பாதி கட்டடமும் அதுவே. குளியலறைத் தடுப்பும், கூரைவரை நிற்கும் துணி அலமாரியும் இரண்டு பக்கச் சுவரையும் கூரையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. கூரை மேல் ஏசி இருந்தால் அது மட்டுமே 40 கிலோ சுமாருக்கு வரும். அதற்குப் பக்கத்தில் இருக்கும் தடுப்பை எடுத்துவிட்டால் கூரை நடுவில் குழிந்து, மழைத் தண்ணீர் தேங்கி, எந்த ஒழுகலைச் சரி செய்ய ஆரம்பித்தீர்களோ அதே ஒழுகல் வேறு இடத்தில் வரும். நீளமான மேல் அலமாரியும் அப்படித்தான், சுவர் வெளியே பிதுங்காமல் அது பிடித்துக்கொண்டிருக்கும். நான் செய்தது என்னவென்றால், ஒரு பக்கம் எடுத்துவிட்டு அந்த இடத்துக்குத் தற்காலிகமாகக் கட்டை முட்டுக் கொடுத்த பிறகே அடுத்த பக்கம் போவது. குளியலறைத் தடுப்பைத் தொடவே இல்லை. புதிதாகச் செய்கிற வடிவத்தை அதைச் சுற்றியே போட்டுக்கொண்டோம், அதில் ஒன்றும் குறையில்லை.

எடை பற்றியும் யோசியுங்கள். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் காரின் கொக்கியில் இறங்க வேண்டும். முன்பக்கத்துப் பெஞ்சு, மேசை எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பின்பக்கத்தில் கனமான அடுப்படி கட்டினால் அந்தக் கணக்கு கெட்டு, நெடுஞ்சாலையில் வேகம் எடுத்ததும் வண்டி வாலாட்ட ஆரம்பிக்கும். கழற்றிய ஒவ்வொன்றையும் ஆள் எடை பார்க்கிற மெஷினில் வைத்து, எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்றும் சேர்த்து எழுதி வையுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் பிறகு எதை எங்கே கட்டுவது என்பதற்கு வேறு ஆதாரம் இருக்காது.

காஸும் ஃபிரிட்ஜும் இந்தக் கருவியின் வேலை இல்லை என்றாலும் சொல்லாமல் போகக் கூடாது. அடுப்படி அலமாரிக்குப் பின்னால் செம்புக் குழாயில் புரோப்பேன் வரும். அந்தப் பக்கம் மல்டி டூலைக் கொண்டு போவதற்கு முன்பே சிலிண்டரை மூடி, கழற்றி, வெளியே தூரமாக வைத்துவிடுங்கள். குழாயை அடைக்கிற வேலையை ஒன்டாரியோவில் சான்றிதழ் இருக்கிறவரிடம் கொடுப்பதுதான் முறை, நானும் அப்படித்தான் செய்தேன். அவர் மூடியைப் போட்டு, அழுத்தம் கொடுத்து, சோப்புத் தண்ணீர் தடவிக் காட்டிவிட்டுப் போனார். பழைய காஸ் ஃபிரிட்ஜின் முதுகுக் குழாய்களுக்குள் அம்மோனியாவும் ஹைட்ரஜனும் அழுத்தத்தில் இருக்கின்றன. அதைச் சுற்றியிருக்கும் மரச்சட்டத்தை அறுக்கும்போது பிளேடு அந்தப் பக்கம் தலைகாட்டவே கூடாது. குழாயோரம் மஞ்சளாகப் பொடி படிந்திருந்தால் ஏற்கெனவே கசிந்திருக்கிறது என்று அர்த்தம், அதை மறுபடி மாட்டுகிற ஆசையை விட்டுவிடுங்கள்.

தூசிதான் இந்தக் கருவியோடு இருக்கிற நிஜமான தொல்லை. ரம்பம் என்றால் துகள் விழும். இது துடித்துத் துடித்து மாவாக அரைக்கிறது, சின்ன வண்டிக்குள் அந்த மாவு அப்படியே நிற்கும். பழைய டிரெய்லர் பலகைகளில் ஃபார்மால்டிஹைடு என்ற, காற்றில் ஆவியாகக் கசிகிற ரசாயனம் கலந்த பசை இருக்கும் என்பதும் தெரிந்த விஷயம். 2005இல் கத்ரினா புயலுக்குப் பிறகு அமெரிக்க அரசு வீடிழந்தவர்களுக்குக் கொடுத்த டிரெய்லர்களில் குடியிருந்தவர்கள் கண் எரிச்சல், மூச்சுத் தொல்லை என்று சொல்லி, அந்த நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2007 டிசம்பரிலும் 2008 ஜனவரியிலும் 519 டிரெய்லர், மொபைல் ஹோம்களில் காற்றைச் சோதித்தபோது ஃபார்மால்டிஹைடின் சராசரி அளவு 77 பிபிபி, அதாவது நூறு கோடிப் பங்கு காற்றில் 77 பங்கு, என்று வந்தது. வீடுகளில் சாதாரணமாக இருப்பதைவிட அது பல மடங்கு. உங்கள் வண்டி பழையதாகி ஆவி பெருமளவு போயிருந்தாலும் அறுக்கிற தூசியை மூக்குக்குள் விட வேண்டுமென்று இல்லை. நல்ல மாஸ்க், கண்ணாடி, ஜன்னல்கள் எல்லாம் திறந்து ஒரு பெட்டி விசிறி வெளிநோக்கி, பிளேடு பக்கத்தில் வேக்குவம் குழாய். வண்டி 1980க்கு முந்தையது என்றால் தரை வினைலில் நுரையீரலைக் கெடுக்கிற ஆஸ்பெஸ்டாஸ் நார் இருக்கலாம், ஒரு துண்டைச் சோதனைக்கு அனுப்பாமல் அதன் மேல் எந்த பிளேடையும் வைக்காதீர்கள்.

சத்தத்துக்கும் ஒரு கறுப்புப் புள்ளி. காது அடைப்பான் இல்லாமல் கொஞ்ச நேரம்கூட முடியாது. கை மரத்துப் போவதும் உண்டு, அதிர்வு குறைவு என்று டப்பாவில் எழுதியிருந்தாலும் தலைக்கு மேலே பிடித்து அறுத்தால் சாயங்காலம் காபி டம்ளர் கையில் ஆடும்.

இனி பிளேடு. கருவியின் விலையைப் பார்த்து முடிவெடுக்கிறவர்கள் ஏமாறுகிற இடம் இதுதான். பேட்டரி இல்லாத கருவி நூற்றைம்பது டாலர் சுமாருக்கு வந்துவிடும், ஆனால் ஸ்க்ரூ அறுக்கிற பிளேடு தின்று தீர்க்கும். இணையத்தில் வாங்கிய, பெயரே கேள்விப்படாத கம்பெனியின் பெரிய பாக்கெட் ஒன்று என்னிடம் இருந்தது, மரம், இரும்பு இரண்டையும் அறுக்கும் என்று எழுதியிருந்தார்கள். மரத்தில் சரியாகவே ஓடியது. முதல் ஸ்க்ரூவில் பல் எல்லாம் மழுங்கி, பிளேடு நீலம் பூத்து, அப்புறம் அது மரத்தையும் அறுக்காமல் புகையை மட்டும் கிளப்பியது. கார்பைட் (இரும்பைவிடக் கடினமான பொருள்) பல் வைத்த பிளேடு ஒன்று இருபது டாலர் பக்கம் ஆகும், ஆனால் மேல் அலமாரி வரிசை முழுவதையும் ஒரே பிளேடு முடித்தது. அதனால் இரண்டையும் கலந்து வைத்துக்கொள்ளுங்கள், மரத்துக்கு மலிவானது, இரும்பு தெரிகிற இடத்தில் கார்பைட். வேகத்தைக் குறைத்தால்தான் கார்பைட்டும் நிற்கும். இன்னொன்று, பிளேடு மாட்டும் வாய் எல்லாக் கருவியிலும் ஒன்றல்ல. 2016இல் ஃபைனும் பாஷும் சேர்ந்து ஸ்டார்லாக் என்று ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள், அதுபோக பொதுவாகப் பல கருவிக்கும் பொருந்துகிற திறந்த வாய் பிளேடும் கிடைக்கிறது. உங்கள் கருவிக்கு எது சேரும் என்று பார்த்துவிட்டுப் பாக்கெட்டை உடையுங்கள்.

பசை போட்டு ஒட்டிய இடங்களில் அறுக்கிற பிளேடை எடுத்துவிட்டு, பல் இல்லாத சுரண்டு பிளேடு மாட்டினால் நன்றாக வருகிறது. பெஞ்சுக்கு அடியில் வினைல் ஒட்டியிருந்த ஓரங்களை அப்படித்தான் எடுத்தேன். ஆனால் ஸ்டேபிள்களுக்கு இது வேண்டாம். தரையில் இருக்கும் நூற்றுக்கணக்கான ஸ்டேபிளை மல்டி டூலால் மழிக்கப் பார்ப்பது பிளேடையும் நேரத்தையும் வீணாக்கும் வேலை. குறடும் மழுங்கின ஸ்க்ரூ டிரைவரும் போதும், முட்டிக்கு ஒரு தலையணை போட்டுக்கொண்டு பாட்டுக் கேட்டபடி உட்கார வேண்டியதுதான்.

வெளித்தகடு அலுமினியமாக இல்லாமல் வழவழப்பான ஃபைபர் கிளாஸாக இருக்கிற வண்டிகளில் கதை கொஞ்சம் மாறும். அங்கே சுவர், நுரை, அலுமினியக் குழாய் எல்லாம் ஒன்றாக ஒட்டி ஒரே பலகையாக வந்துவிடும், வெளியிலிருந்து ஸ்க்ரூ அடிக்க வழியில்லை, அதனால் பெரும்பாலும் உள்ளிருந்தே கழற்றிவிடலாம். மல்டி டூலின் தேவை அந்த அளவுக்குக் குறைவு. அப்படிப்பட்ட வண்டியில் பிளேடு சுவருக்குள் இறங்கிவிட்டால் ஈரம் உள்ளே இறங்கவும் பலகை பிரியவும் வழி வைத்தது போலாகும். சதுர பிட்டை வைத்துக்கொண்டு பொறுமையாகப் பாருங்கள், அப்புறமும் வராத ஸ்க்ரூ இருந்தால் மட்டும் கருவியை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

கழற்றிய சாமான் முழுசாக வெளியே வருமா என்பதையும் முன்னாலேயே அளந்துவிடுங்கள். சுவருக்கு முன்பே உள்ளே போனவை என்பதால் பலவும் வாசலைவிட அகலம். எங்கள் வண்டிக் கதவு 26 அங்குலம்தான். சோபாக் கட்டில் அதில் வரவில்லை, பெரிய ஜன்னலைச் சட்டத்தோடு கழற்றி அந்த வழியாக இறக்கினோம், ஜன்னலைச் சுற்றித் தண்ணீர் இறங்காமல் ஒட்டியிருந்த பழைய பியூட்டைல் டேப்பை (ரப்பர் போன்ற பசைப் பட்டை) எப்படியும் மாற்ற வேண்டியிருந்ததால் அதுவும் ஒரு வசதி. அளவெடுக்க வேண்டும் என்பதற்காகவாவது அலமாரிகளை உடைக்காமல் எடுங்கள். டிரெய்லர் சுவர் எங்கேயும் நேராக இல்லை, மூலைகள் 90 டிகிரி இல்லை, கூரை லேசாக வளைந்திருக்கும். பழைய அலமாரியின் பக்கப் பலகையை அப்படியே புதுப் பலகை மேல் வைத்து பென்சிலால் கோடிழுத்தால் அந்த வளைவு கிடைத்துவிடும். சம்மட்டியால் உடைத்திருந்தால் அட்டையை வெட்டி வெட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். மல்டி டூலுக்கு நான் கொடுத்த காசில் பாதி இந்த ஒரு விஷயத்திலேயே திரும்பி வந்தது என்பேன்.

மரச்சட்டமும் அலுமினியத் தகடுமாக இருக்கிற பழைய வண்டிக்கு ஐந்தில் நாலரை, ஃபைபர் கிளாஸ் வண்டிக்கு மூன்று. வாங்கப் போகிறவர்கள் கருவியோடு சேர்த்து சிவப்பு சதுர பிட் ஒரு பாக்கெட், தட்டையான நெம்புகம்பி ஒன்று, கார்பைட் பிளேடு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பது துணைக்கருவி அடங்கிய அந்தப் பெரிய பெட்டியைத் தொடாதீர்கள், அதில் முக்கோணத் தேய்ப்புத் தாள்தான் பாதி.